இருபத்திரண்டு உபதேசங்களும் ஒரு மீசையும்

எங்கள் அத்தானுக்குத் தொழிற்சாலையில் ‘ரிஜெக்ட்’ என்று பெயர். சட்டை தைக்கும் தொழிற்சாலை. அங்கே கடைசி மேசையில் நிற்கும் செக்கர் அவர். தைத்து முடித்த சட்டை அவர் கைக்கு வரும். காலர், தோள் தையல், பட்டன், காஜா, கை மடிப்பு என்று பதினெட்டு இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார், இல்லாவிட்டால் ‘பாஸ்’ என்று தள்ளிவிடுவார். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ‘இவர் கண்ணில் தப்பிய குறை ஒன்று கிடையாது’ என்று மேனேஜரே ஒரு விழாவில் மைக்கில் சொன்னார். அத்தான் மேடையேறிப் பரிசை வாங்குவதற்கு முன்னால் மேனேஜரின் சட்டைக் கையில் தொங்கிய நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் கை கொடுத்தார்.

அதோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன். அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியாது. ஆம்லெட் தட்டுக்கு வந்தால் வட்டம் சரியா என்று பார்ப்பார். கொடியில் துணி காய்ந்தால் கிளிப்புகளுக்கு நடுவே இடைவெளியை விரலால் அளப்பார். நான் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் என் பெயர்ப்பலகை ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறதென்று அதில் நாலு அம்பு ஒட்டிவிட்டுப் போனார். அம்பு காட்டிய வழியே போய் மூன்று பேர் பக்கத்து சலூனில் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர் முடியும் வெட்டிக்கொண்டார்.

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் என் அக்கா. பொறுமைக்கு ஒரு பரிசு உண்டென்றால் அதை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். கீழ் வீட்டில் அவர்கள் இரண்டு பேர், மேல் மாடி அறையில் நான். பிள்ளை குட்டி யாருக்கும் இல்லை. அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. காலையில் போனால் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குத்தான் வருவாள். ஞாயிறு மட்டும் லீவு. அத்தானுக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு.

அந்த ஞாயிறு எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. காலையில் இரண்டு பேரும் சபைக்குப் போவார்கள். (நான் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற சபை என்னுடையது, அதற்கு நான் ஒருத்திதான் உறுப்பினர்.) மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அத்தான் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அக்கா ஒரு கிண்ணத்தில் சாயம் கலக்கி, பழைய டூத்பிரஷ்ஷால் அவர் மீசைக்குப் பூசுவாள். காய அரை மணி நேரம் ஆகும். அதுவரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. அந்த அரை மணி நேரம் அக்கா பேசுவாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், டாக்டரின் சிடுசிடுப்பு, பக்கத்து வீட்டுப் பூனை என்று வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுவாள். குறை கண்டுபிடிக்காமல் அத்தான் எதையாவது கேட்டார் என்றால் அது அந்த அரை மணி நேரத்தில்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு கடைவாய்ப் பல் வந்து குறுக்கே விழுந்தது. அந்தப் பல், கடைத்தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவரின் மனைவியுடையது. பிடுங்க வந்தவர், டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். கண்ணாடிக்கடையின் மாடியில் ஒரு சபை கூடுகிறது. வாரத்தின் ஏழாம் நாளாகிய சனிக்கிழமைதான் ஓய்வுநாள், அன்றைக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது, வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறைகிறவரை என்று கணக்கு. அக்கா ஒரு தடவை போய்ப் பார்த்தாள். மறுவாரமும் போனாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தன் லீவைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் கிளம்பவும் அனுமதி வாங்கினாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி.

அத்தானுக்கு முதலில் விஷயம் புரியவில்லை. ஞாயிறு மத்தியானம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். அப்புறம் தானே எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று பூசிக்கொண்டார். மீசையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பிடித்தது. மூன்று நாள் மேலுதடு கறுப்பாக, ஏதோ மை குடித்த ஆள் மாதிரி வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்டை வந்தது.

“ஊர்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமை போறாங்க. உனக்கு மட்டும் என்ன தனி கேலண்டரா?” என்றார் அத்தான்.

அக்கா சூரியன் மறைவதற்குள் சமையலை முடிக்கிற அவசரத்தில் இருந்தாள். “சண்டை வேண்டாங்க. ஞாயித்துக்கிழமையை ஓய்வுநாளா வைக்கணும்னு வேதத்துல ஒரே ஒரு இடம் காட்டுங்க. அடுத்த வாரமே லீவை மாத்திட்டு உங்களோட வந்துடறேன்.”

“ஒரு இடமா? ஒரு டஜன் காட்டறேன், பாத்துக்கிட்டே இரு.”

“காட்டுங்க. தள்ளுங்க, அடுப்பு அணைக்கணும், வெளிச்சம் போகுது.”

அன்றைக்கு ஆரம்பித்தது. அந்தச் சபையில் ‘இருபத்திரண்டு உபதேசங்கள்’ என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அக்காவுடையதை வாங்கி, என் கடைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். வீட்டுச் சாப்பாட்டு மேசை செக்கிங் மேசை ஆயிற்று. மேலே டியூப் லைட், ஒரு பக்கம் வேதாகமம், ஒரு பக்கம் ஜெராக்ஸ் கட்டு. கையில் இரண்டு சுருள் ஸ்டிக்கர். குறைக்குச் சிவப்பு அம்பு, சரிக்குப் பச்சைப் பொட்டு. தொழிற்சாலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் உட்காருவார். வெள்ளி, சனி என்று ஒன்றும் கிடையாது, தினமும்தான். தலை நிமிராது.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, யோக்கியம். நல்ல பீஸை ரிஜெக்ட் பண்ண அவருக்குக் கை வராது. முதல் உபதேசமே ஏழாம் நாள் ஓய்வுநாள் என்பது. கட்டளையை எடுத்துப் பார்த்தார், ஏழாம் நாள் என்றுதான் இருக்கிறது. ஆதியாகமம் பார்த்தார், அங்கேயும் ஏழு. பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைப் பொட்டு ஒட்டினார். ஒட்டிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆனால் மற்றதில் புகுந்து விளையாடினார். எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்ற பக்கத்துக்குப் பதில், பேதுரு பார்த்த தரிசனம் கிடைத்தது. வானத்திலிருந்து நாலு மூலையும் கட்டின ஒரு பெரிய துப்பட்டி இறங்குகிறது. அதில் சகல விதமான மிருகங்களும் இருக்கின்றன, அடித்துச் சாப்பிடு என்று குரல் கேட்கிறது. சிவப்பு அம்பு. ஆனால் அத்தானுக்கு அதோடு முடியவில்லை. மாடியேறி வந்து என்னைக் கேட்டார்.

“நாலு கால் மிருகம் எல்லாம் இருக்குன்னா எருமையும் இருந்திருக்கும் இல்ல? அந்தத் துணி எப்படித் தாங்கிச்சு? மூலைக்கு டபுள் தையல் போட்டிருக்கணும்.”

“அத்தான், அது தரிசனம்.”

“தரிசனமா இருந்தாலும் தையல் தையல்தானே.”

பதினான்காம் பக்கத்தில் உலக முடிவுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு ராஜாவின் ஏழாம் வருஷத்தில் ஆரம்பித்து, ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று கூட்டிக்கொண்டே போகிற கணக்கு. பதினேழாம் பக்கத்தில் அதே ராஜா இரண்டு வருஷம் தள்ளிப் பட்டத்துக்கு வருகிறார். அத்தான் டேப்பை மேசைமேல் நீட்டி, ஓர் அங்குலத்துக்கு நூறு வருஷம் என்று வைத்து அளந்து பார்த்துவிட்டு, ‘அளவு தப்பு, இரண்டு வருஷம்’ என்று எழுதி மூன்று அம்பு ஒட்டினார். அக்காவிடம் காட்டினார்.

“ஆமாங்க, தப்புதான் போலிருக்கு,” என்றாள் அக்கா. “நான் என்ன கூட்டல் படிக்கவா அங்க போறேன்?”

இதுதான் அவளிடம் வம்பு. கோபப்படவே மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் தேடிப்பிடித்த ஆதாரங்களுக்கும் பாத்திரம் துடைத்துக்கொண்டே பதில் சொல்வாள். சீஷர்கள் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளைக் கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்தில் பவுல் பேசிக்கொண்டே போனதில் ஒரு வாலிபன் தூங்கிப்போய் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்துவிடுகிறான்.

“அது ராத்திரிக் கூட்டங்க. வேதத்துல நாள் சாயங்காலமே ஆரம்பிச்சுடும். அப்போ முதல் நாள் ராத்திரின்னா நம்ம சனிக்கிழமை ராத்திரிதானே. அந்தப் பையன் பிழைச்சுட்டான், அதைச் சொல்லுங்க முதல்ல.”

முதல் நாளில் காணிக்கை எடுத்து வைக்கச் சொன்னதைக் காட்டினார். “வீட்டுல எடுத்து வைன்னுதான் இருக்கு. கோயிலுக்குப் போன்னு இல்லையே.” கடைசியில் கொலோசெயரை எடுத்தார். போஜனம், பானம், ஓய்வுநாள் இவற்றைப் பற்றி ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தவிடாதீர்கள் என்கிற பொருளில் இருக்கிறது. இது பலமான ஆதாரம் என்று நானே நினைத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாள்.

“சரியாத்தான் இருக்கு. இப்ப ஓய்வுநாளைப் பத்தி யார் யாரைக் குற்றப்படுத்திட்டு இருக்காங்க?”

சிரிப்பை அடக்க முடியாமல் நான் மாடிக்கு ஓடிவிட்டேன். அத்தான் தன் பாஸ்டரிடமே போனார். ஞாயிறு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று நேராகக் கேட்டார். பாஸ்டர், ‘அதெல்லாம் ஆதியிலேர்ந்து வர்ற வழக்கம் பிரதர், ஜெபிப்போம்’ என்று கண்ணை மூடினார். அத்தான் எழுந்து போகிறவரை கண்ணைத் திறக்கவில்லை.

இப்படிப் பதினேழு வாரம் போயிற்று. மீசை அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து முழு வெள்ளையாகிவிட்டது. தொழிற்சாலையில் ‘ரிஜெக்ட் தாத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் வசனத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. சனிக்கிழமை இருட்டியதும் நான் கீழே போனால் மேசையில் அவர் குனிந்திருப்பார், அக்கா எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் திட்டில் ஒரு கிண்ணமும் ஒரு பிரஷ்ஷும் இருக்கும். ஏதோ கழுவ வைத்திருக்கிறாள் என்று நான் விட்டுவிடுவேன். அத்தானைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. மனிதர் இளைத்துப் போனார்.

பதினெட்டாம் வாரம், வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்த நுரை வாயோடு மாடியேறி வந்தார்.

“சின்னவளே, கண்டுபிடிச்சுட்டேன். நாளைக்குக் கடையைச் சாத்திட்டு என்னோட வா. நான் லீவு சொல்லிட்டேன்.”

பத்தொன்பது வருஷத்தில் அவர் எடுக்கிற முதல் லீவு. நான் கடையைச் சாத்தாமல் இருப்பேனா.

கண்ணாடிக்கடை மாடியில் ஒரு நீளமான அறை, நாற்பது நாற்காலி, இரண்டு மின்விசிறி. சபைக்குப் பெரியவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். மெல்லப் பேசுகிற மனிதர். பிரசங்கத்தை முடித்துவிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்றார். அவர் வாய் மூடுவதற்குள் அத்தான் முன்னால் போய்விட்டார். அக்குளில் சுருட்டி வைத்திருந்ததை விரித்துச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். தொழிற்சாலையில் கொடுத்த கேலண்டர்.

சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அச்சடித்து அனுப்புகிற கேலண்டர் அது. தொழிற்சாலையில் ஆர்டர், ஷிப்மெண்ட் எல்லாம் அதை வைத்துத்தான். அதில் வாரம் திங்கட்கிழமையில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமையில் முடியும். பத்தொன்பது வருஷமாக அத்தான் பார்த்த ஒரே கேலண்டரும் அதுதான்.

“எல்லாரும் எண்ணுங்க,” என்று டேப்பின் முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டினார். “ஒண்ணு திங்கள். ரெண்டு செவ்வாய். மூணு, நாலு, அஞ்சு. ஆறு சனி. ஏழாம் நாள் எது? ஞாயிறு. நீங்க ஏழாம் நாள்னு சொல்றது சரி, அதுக்குப் பச்சைப் பொட்டு. ஆனா ஏழாம் நாளே ஞாயித்துக்கிழமைதான். நீங்க இத்தனை வருஷமா ஆறாம் நாள்ல லீவு போட்டுட்டு இருக்கீங்க.”

பின்வரிசையில் ஒருவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பிரதர், ஆண்டவர் உயிர்த்தெழுந்தது என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழமை. சின்னக் குழந்தைக்கும் தெரியுமே.”

“சுவிசேஷத்துல அந்த நாளுக்கு என்னன்னு போட்டிருக்கு?”

“வாரத்தின் முதலாம்...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். பதினேழு வாரமாக முதல் நாள், முதல் நாள் என்று எங்கள் காதில் ஓதியவரே அவர்தான். கேலண்டரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, கேலண்டரில் திங்கட்கிழமைக்கு நேரே தானே ஒட்டினார். அதைப் பார்த்து எனக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது, என்ன இருந்தாலும் யோக்கியர்.

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். தோற்ற மனிதருக்கு வீம்பு வந்துவிட்டது. பையில் கடைசியாக ஒரு ஜெராக்ஸ் வைத்திருந்தார், அதை எடுத்தார்.

“சரி, சனிக்கிழமையே இருக்கட்டும். உபாகமம் அஞ்சாம் அதிகாரம். யாரெல்லாம் ஓய்ந்திருக்கணும்னு லிஸ்ட் இருக்கு. நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வீட்டுக்கு வந்த அந்நியன். நான் மூணு தடவை செக் பண்ணிட்டேன். மனைவின்னு ஒரு வார்த்தை இல்லை. கழுதைக்கு லீவு உண்டு, மனைவிக்கு இல்லை. அதனால என் மனைவி சனிக்கிழமை ஓய்ந்திருக்கணும்னு கட்டாயமே இல்லை.”

மூன்றாவது வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

“அந்த லிஸ்ட்ல நான் இல்லன்னு எனக்கும் தெரியுங்க,” என்றாள். குரல் உயரவே இல்லை. “நம்ம வீட்டு லிஸ்ட்லயும் நான் இல்ல. பத்தொன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஓய்ந்திருந்தது நீங்க. நான் சமைச்சேன், துவைச்சேன், தேய்ச்சேன். இங்க வந்த அன்னைக்குத்தான் ‘சிஸ்டர், நீங்க சும்மா உக்காருங்க’ன்னு ஒருத்தர் சொன்னாங்க. ஏழாம் நாளா முதல் நாளான்னு எனக்குச் சண்டை போடத் தெரியாது. உக்கார்றது பிடிச்சிருந்தது.”

அத்தான் டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடித்த பிறகும் சுருட்டினார்.

“ஞாயித்துக்கிழமை செஞ்ச வேலையில உங்க மீசை ஒண்ணுதான் எனக்குப் பிடிச்ச வேலை,” என்றாள் அக்கா. “அதை விட மனசு வரல. சனிக்கிழமை சூரியன் மறைஞ்சா ஓய்வுநாள் முடிஞ்சுதில்ல? பதினேழு வாரமா, நீங்க வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்து உங்களுக்கு எதிர்ல ஜன்னல்ல வைக்கறேன். எல்லாத்தையும் பாக்கற கண்ணு உங்களுக்கு. ஒரு தடவை நிமிர்ந்து பாத்தீங்களா?”

நானும்தான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்கடைக்காரர் எதையோ தேடுவது மாதிரி வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, பல் பிடுங்க வந்த அன்றைக்குப் போலவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“பாக்கல,” என்றார் அத்தான். “தப்பு என்னுதுதான். நான் பாக்கல.”

அன்றைக்கு அவர் முற்றத்தில் நாற்காலி போட்டபோது மணி நாலரை. வெயில் சுவரில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் சூரியன் இருக்குங்க,” என்றாள் அக்கா.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். சாயம் பூசுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வாயை மூடிக்கொண்டுவிட்டார். நான் மாடியில் நின்று, ‘அத்தான், இன்னும் போகல, இன்னும் போகல’ என்று சூரியனுக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தேன். அது மறைந்ததும் அக்கா பிரஷ்ஷை எடுத்தாள். பதினேழு வாரப் பேச்சு பாக்கி இருந்தது. சாயம் காய்ந்து, கழுவ வேண்டிய நேரமும் தாண்டி, இருட்டி விளக்குப் போட்ட பிறகும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் அவர் ஞாயிற்றுக்கிழமைதான் போகிறார், அவள் சனிக்கிழமைதான் போகிறாள். அந்த இருபத்திரண்டு உபதேசங்களில் ஏழு பச்சை, பதினொன்று சிவப்பு, மிச்சத்தை அத்தான் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இல்லை, வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டு ஐந்து மணிக்கு வந்து காய் நறுக்குகிறார். கேரட்டுக்கு அரை அங்குலம், பீன்ஸுக்கு ஓர் அங்குலம். சூரியன் மறைவதற்குள் முடிவதில்லை என்று அக்கா புலம்புகிறாள்.

அக்கா சாயம் பூசிய அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னது. பேச்சு சுவாரசியத்தில் அக்கா மீசையின் இடது ஓரத்தைப் பூச மறந்துவிட்டாள். அத்தான் அப்படியே வேலைக்குப் போயிருக்கிறார். அவருடைய செக்கிங் மேசை முன்னால் கூட்டம் கூடிவிட்டதாம்.

“ரிஜெக்ட் சார், இடது பக்கம் ஒரு விரல் அளவுக்கு வெள்ளையா விட்டுப்போச்சு, பாக்கலையா?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“பாத்தேன்,” என்றாராம் அத்தான், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது பாஸ்.”